கெக்வொர்த் விமான விபத்து
1989 ஜனவரி 8 அன்று, லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட் சென்ற பிரிட்டிஷ் மிட்லாண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400, இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே எம்1 நெடுஞ்சாலைக் கரையில் மோதிய விபத்து. 126 பேரில் 47 பேர் இறந்தனர். இடது எஞ்சினின் விசிறி இதழ் முறிந்ததில் அதிர்வும் புகையும் எழுந்தன. விமானிகளோ பழுதில்லாத வலது எஞ்சினை அணைத்துவிட்டனர். தானியங்கி விசைக் கட்டுப்பாட்டை விடுவித்ததில் இடது எஞ்சினின் அதிர்வும் தற்செயலாகத் தணிந்தது. செய்தது சரியென நம்ப அதுவே போதுமாயிற்று. அதிர்வுகாட்டி உண்மையைச் சொன்னது. ஆனால் அது மிகச் சிறியது. இடப்பக்கத் தீயைக் கண்ட பயணிகள் சிலர், ‘வலது எஞ்சின்’ என்ற அறிவிப்பைக் கேட்டும் பேசாதிருந்தனர். ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் விமான நிலையத்தில் தரையிறங்க முயல்கையில் இடது எஞ்சினும் செயலிழந்தது. வலதை மீண்டும் இயக்க நேரமிருக்கவில்லை.