யோக்கோகாமாவின் இரு கப்பல்கள்: நோய்த்தடுப்பில் அரசின் மேற்பார்வை யாருக்காக?

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு சொகுசுக் கப்பலின் நோய்த்தடுப்புக்கு எந்த அரசு பொறுப்பு என்ற வினா 2020இல்தான் முதன்முறையாக எழுந்தது போலப் பல கட்டுரைகள் பேசுகின்றன. அதே வினா, அதே யோக்கோகாமா துறைமுகத்தில், 141 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்திருக்கிறது. இரு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கப்பல்கள் மீதான அரசின் மேற்பார்வை யாரைக் காப்பதற்காக உருவானது, யாரை அது கணக்கில் கொள்ளவில்லை என்பது புலப்படும்.

1879இல் ஜப்பானைக் காலரா சூறையாடியது. அவ்வாண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோய் மிகுந்திருந்த கோபேயிலிருந்து வரும் கப்பல்களைத் தடுத்து வைக்க மெய்ஜி அரசு முடிவு செய்தது. ஜூலையில் கோபேயிலிருந்து வந்த ஹெஸ்பெரியா என்னும் ஜெர்மானியக் கப்பல் அவ்வாறு நிறுத்தப்பட்டது. ஜப்பானின் விதிகள் தம் நாட்டுக் கப்பலைக் கட்டுப்படுத்தா என்று ஜெர்மனியின் தூதர் வாதிட்டார். இறுதியில் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் துணையோடு ஹெஸ்பெரியா தடையை மீறி யோக்கோகாமாவுக்குள் நுழைந்தது. ஜப்பான் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. மேலை நாடுகளுடனான சமனற்ற உடன்படிக்கைகளின்படி, அந்நாட்டினர் மீது ஜப்பானிய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. எனவே, தன் கரையில் நோயைத் தடுக்கும் உரிமை அன்றைய ஜப்பானுக்கு இறையாண்மைப் போராட்டத்தின் ஒரு கூறாயிற்று. அயல்நாட்டவருக்கான தனி நீதியதிகாரம் ஒழிந்த 1899ஆம் ஆண்டிலேயே துறைமுகத் தனிமைப்படுத்தலுக்கான சட்டமும் நடைமுறைக்கு வந்தது தற்செயலன்று.

2020 பிப்ரவரி 3 அன்று டயமண்ட் பிரின்சஸ் யோக்கோகாமாவை அடைந்தபோது, ஜப்பானிடம் சட்டமும் அதிகாரமும் இருந்தன. ஜனவரி 25இல் ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குத் தொற்று உறுதியானதை அடுத்து, கப்பலில் இருந்த 3,711 பேரும் தடுத்து வைக்கப்பட்டனர். ஆனால் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடந்தது. கப்பல் பறக்கவிட்டது பிரிட்டனின் கொடி. அதை இயக்கியது அமெரிக்க நிறுவனம். நின்றது ஜப்பானின் கரையில். அதில் இருந்தோர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர். ஆழ்கடலில் கப்பல் மீதான அதிகாரம் கொடிநாட்டுக்கு உரியது. துறைமுகத்துக்குள் வந்தபின் கரைநாட்டின் சட்டம் செல்லும். இடையில் நோய் பரவினால் யார் முதலில் செயல்பட வேண்டும் என்பதற்குத் தெளிவான விடை எந்த உடன்படிக்கையிலும் இல்லை. வெஸ்டர்டாம் என்ற கப்பலை அதே மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துறைமுகங்கள் திருப்பியனுப்ப, இறுதியில் கம்போடியா இடமளித்தது. உலக சுகாதார அமைப்பின் 2005ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சுகாதார விதிகள் நடைமுறையில் எவ்வளவு தளர்வானவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டயமண்ட் பிரின்சஸில் தனிமைப்படுத்தல் என்பது பயணிகளுக்கு மட்டுமே நிகழ்ந்தது. அவர்கள் அறைகளுக்குள் இருந்தனர். 1,045 பணியாளர்களோ சமைத்தனர், உணவை அறைதோறும் கொண்டுசென்றனர், துப்புரவு செய்தனர், இரவில் பகிர்ந்துகொண்ட அறைகளில் உறங்கினர். பிப்ரவரி 9 வரையில் தொற்று உறுதியான பணியாளர் 20 பேரில் 15 பேர் உணவுப் பிரிவினர். மொத்தம் 712 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. கப்பலில் இருந்த இந்தியர் 138 பேரில் 132 பேர் பணியாளர்கள்; 16 இந்தியருக்குத் தொற்று உறுதியானது. பிப்ரவரி 27இல் 119 இந்தியர் தனி விமானத்தில் தில்லிக்கு அழைத்து வரப்பட்டனர். பயணிகளின் தனிமைப்படுத்தல் பணியாளர்களின் உழைப்பின் மீதே நின்றது என்பதை எந்த ஆணையும் கூறவில்லை.

அமெரிக்காவில் மேற்பார்வை வேறு வடிவம் கொண்டது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று சொகுசுக் கப்பல்கள் பயணம் தொடங்கத் தடை விதித்து, அதைப் பலமுறை நீட்டித்தது. மார்ச் 1 முதல் ஜூலை 10 வரை 123 கப்பல்களில் 99 நோய்ப்பரவல்களும் 34 இறப்புகளும் பதிவானதாக அம்மையம் அறிவித்தது. ஏப்ரலில் ஏறத்தாழ 80,000 பணியாளர்கள் அமெரிக்கக் கரையோரக் கப்பல்களில் சிக்கியிருந்தனர். அவர்களை இறக்கிவிடப் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தலாகாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று. கரையைக் காக்கும் நோக்கில் இது நியாயமானது. ஆயினும் அதன் சுமையைத் தாங்கியோர் மாதக்கணக்கில் வீடு திரும்ப இயலாத தொழிலாளர்கள். அக்டோபர் இறுதியில் வெளியான நிபந்தனையுடன்கூடிய பயண ஆணைதான் பயணிகளுக்கு முன்பாகப் பணியாளர்களின் பரிசோதனையையும் பாதுகாப்பையும் முதற்படியாக வைத்தது.

அவ்வாணையைப் புளோரிடா மாநிலம் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2021 ஜூன் 18இல் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஸ்டீவன் மெரிடே, 1944ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் இத்துணைப் பரந்த அதிகாரத்தை மையத்துக்கு வழங்கவில்லை எனக் கருதி இடைக்காலத் தடை விதித்தார். தனிமைப்படுத்தல் சட்டங்களின் பழைய வரலாறு அத்தீர்ப்பில் விரிவாக அலசப்பட்டது. 1879இல் அயல்நாட்டுக் கொடி அரசின் கையைக் கட்டியது. 2021இல் உள்நாட்டுச் சட்டத்தின் சொற்பொருளே கட்டியது.

நம் நாட்டு நிலை என்ன? 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம், துறைமுகத்துக்கு வரும் அல்லது அங்கிருந்து புறப்படும் கப்பலைச் சோதிக்கவும், அதில் வருவோரைத் தடுத்து வைக்கவும் நடுவணரசுக்கு அதிகாரம் தருகிறது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வதிகாரத்தைப் பேருந்து, தொடர்வண்டி, வானூர்தி ஆகியவற்றுக்கும் நீட்டித்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குத் தண்டனையும் வகுத்தது. தடுத்து வைக்கப்பட்டவருக்கு உணவும் மருத்துவமும் ஊதியமும் யார் தருவது என்பது பற்றி அச்சட்டம் பேசவில்லை. உலகக் கப்பல்களுக்குப் பெருந்திரளான மாலுமிகளை அனுப்பும் நாட்டுக்கு இம்மௌனம் சிறு குறையன்று. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்கள், உடனடி மருத்துவம் தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றிக் கரையிறக்கும் கடமையை உறுப்புநாடுகள் மீது சுமத்துகின்றன. 2024 டிசம்பரில் அவை நடைமுறைக்கு வந்தன.

தனிமைப்படுத்தலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசின் அதிகாரம் வளர்ந்த வரலாறாகவே எழுதி வருகிறோம். துறைமுக ஆவணங்களில் தடுத்து வைக்கப்பட்ட கப்பல்களின் பெயர்களும் நாள்களும் நிரம்பக் கிடைக்கின்றன. அக்கப்பல்களின் அடித்தளத்தில் அடுப்பெரித்தவர்களும் கரி அள்ளியவர்களும் அந்நாள்களை எவ்வாறு கழித்தனர் என்று அதே ஆவணங்களைக் கேட்கும் ஆய்வுகள் இன்னும் மிகக் குறைவு. இத்துறையில் ஆய்வேடு எழுத முனையும் மாணவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.