குறும்பகல் தாவரம்

குறும்பகல் தாவரம் என்பது, பகலின் நீளம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறையும்போது பூக்கும் தாவரத்தைக் குறிக்கும். மரபு நெல் இரகங்கள் பல, சாமந்தி, சோயா, கஞ்சாச் செடி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. பகல், இரவு நீளங்களுக்கு ஏற்பத் தாவரங்கள் தம் வளர்ச்சியை மாற்றிக்கொள்ளும் பண்பு ஒளிக்காலத்துவம் எனப்படும். பகல் நீளும்போது பூப்பவை நெடும்பகல் தாவரங்கள் (கோதுமை, பார்லி) ஆகும். பகலின் நீளத்தைச் சாராது பூப்பவை பகல்சாராத் தாவரங்கள் (தக்காளி) ஆகும்.

கண்டுபிடிப்பு

பிரெஞ்சுத் தாவரவியலாளர் சூலியன் தூர்ன்வா, ஒளி பெறும் நேரத்தைக் குறைத்தால் கஞ்சாச் செடியும் ஆப்புக் கொடியும் விரைந்து பூப்பதை 1912-இல் கண்டறிந்தார். முதல் உலகப் போரில் அவர் இறந்ததால் இவ்வாய்வு தொடரவில்லை. பின்னர் ஐக்கிய அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அலார்டு ஆகிய இருவரும் 'மேரிலாந்து மாமத்' என்னும் புகையிலை இரகத்தை ஆராய்ந்து, பகலின் நீளமே பூப்பதைத் தீர்மானிக்கிறது என 1920-இல் வெளியிட்டனர்.

செயல்முறை

குறும்பகல் தாவரம் என்னும் பெயர் வழங்கினாலும், இத்தாவரங்கள் உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே ஆகும். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி பட்டாலும் இவை பூப்பதில்லை என்பதை ஆம்னர், பானர் ஆகியோர் 1938-இல் காட்டினர். இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்கிறது. உரிய இரவு நீளம் கிடைத்ததும் இலையில் உருவாகும் புரதம் ஒன்று தண்டின் நுனிக்குச் சென்று பூக்கத் தூண்டுகிறது. நெல்லில் இப்புரதம் 2007-இல் உறுதிசெய்யப்பட்டது.

ஒவ்வொரு இரகத்துக்கும் பூப்பதற்கான எல்லை வேறுபடும். இது மாறுநிலைப் பகல் நீளம் எனப்படும். இது 12 மணி நேரத்துக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 14 மணி நேரத்தை எல்லையாகக் கொண்ட தாவரமும், பகல் அதற்குக் கீழே குறைந்தால் மட்டுமே பூக்குமாயின், குறும்பகல் தாவரமே ஆகும்.

அகலாங்கும் பகலின் நீளமும்

நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பகல் நீளத்தின் ஆண்டு வேறுபாடு மிகும். பாரிசில் கோடையில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் ஏறத்தாழ 8 மணி நேரமாகக் குறையும். வட அகலாங்கு 8.4 பாகையில் உள்ள தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான குலசேகரன்பட்டினத்தில் சூன் மாத நீள்பகல் ஏறத்தாழ 12 மணி 36 நிமிடம். திசம்பர் மாதக் குறும்பகல் ஏறத்தாழ 11 மணி 38 நிமிடம். ஆண்டு முழுவதும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவே.

இச்சிறு வேறுபாட்டையும் வெப்பமண்டல நெல் இரகங்கள் உணர்கின்றன. ஆண்டு வேறுபாடு ஏறத்தாழ 14 நிமிடமே உள்ள மலாக்காவில், 'சயாம் 29' என்னும் நெல் சனவரியில் விதைத்தபோது பூக்க 329 நாட்களும், செப்டம்பரில் விதைத்தபோது 161 நாட்களும் எடுத்துக்கொண்டது 1959-இல் பதிவு செய்யப்பட்டது.

நெற்பருவங்கள்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் கார், பிசானம் என இரு நெற்பருவங்கள் உண்டு. ஆற்றின் எட்டாவது அணைக்கட்டான திருவைகுண்டம் அணைக்கட்டின் வாய்க்கால்கள் தூத்துக்குடி மாவட்ட வயல்களுக்கு நீர் தருகின்றன. பகல் நீண்டிருக்கும் சூன் மாதத்தில் தொடங்கும் கார் பருவத்தில் ஒளிக்கால உணர்வுள்ள இரகத்தை விதைத்தால், அது பூக்காமல் உயர்ந்து வளர்ந்து சாயும். பகல் குறையும் பிசானப் பருவத்துக்கே அது ஏற்றது.

இவ்வகை நெல், முன்பின்னாக விதைத்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கும். வடகிழக்குப் பருவமழை ஓயும் வேளையில் கதிர் முற்றுவது இதன் நன்மை. ஆனால் நீர்த்திறப்பு தாமதமானால், போதிய தூர் கட்டும் முன்பே பயிர் பூத்து விளைச்சல் குறையும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது போன்ற பட்டம் பார்த்து விதைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 போன்ற ஒளிக்கால உணர்வற்ற குறுகியகால இரகங்களால், நீர் கிடைக்கும் எப்பருவத்திலும் நெல் பயிரிட இயன்றது.

சாமந்தி

சாமந்திச் செடிகளுக்கு இரவில் மின்விளக்கு ஒளி கொடுத்துப் பூப்பதைத் தள்ளிவைக்கலாம். கருந்துணியால் மூடி முன்கூட்டியே பூக்கவும் செய்யலாம். பண்டிகைக் காலத்துக்கு ஏற்பப் பூ கிடைக்க இம்முறை பயன்படுகிறது. தெருவிளக்கின் அருகே உள்ள நெற்பயிர் காலந்தாழ்ந்து கதிர்விடுவதும் இதே காரணத்தால் ஆகும்.

கஞ்சாச் செடி

நாருக்காக வட நாடுகளில் பயிரிடப்படும் கஞ்சா இரகங்கள் பலவற்றின் மாறுநிலைப் பகல் நீளம் ஏறத்தாழ 13 முதல் 14½ மணி நேரம் ஆகும். பகல் ஒருபோதும் 13 மணி நேரத்தை எட்டாத தென் தமிழ்நாட்டு அகலாங்கில் அவை சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். தண்டு நீளாததால் நார் குறையும். எனவே ஓர் அகலாங்கில் நன்கு விளையும் இரகம் மற்றொன்றில் பயன்தராமற் போகலாம். 'ரூடெராலிசு' எனப்படும் வகை பகல் நீளத்தைச் சாராது பூக்கும்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டப்படி, உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். நார், விதை ஆகியவற்றுக்காக மட்டும் பயிரிட அரசு அனுமதிக்க அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதன்கீழ் உத்தராகண்டம் மாநிலம் 2018-இல் உரிமம் வழங்கியது.