ரத ஊர்வலத்துக்கு முன் உயரத்தை அளப்பது எப்படி?

ஜெராம், காப்பார், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் தோட்டத்து ஆலயத் திருவிழா என்றால் ரத ஊர்வலம் இல்லாமல் நிறைவு பெறாது. சொந்த ரதம் வைத்திருக்கும் ஆலயங்கள் உண்டு. வெளியூரிலிருந்து வாடகைக்கு எடுக்கும் ஆலயங்களும் உண்டு. ரதம் சக்கரங்களோடு இருந்தால் டிராக்டரோ லோரியோ இழுக்கிறது. இல்லாவிட்டால் டிரெய்லரின் மேல் ஏற்றிக் கட்டப்படுகிறது. எப்படி இருந்தாலும் ஊர்வலம் புறப்படும் முன் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டிய ஓர் எண் உண்டு. தரையிலிருந்து ரதத்தின் உச்சி வரை மொத்த உயரம் எவ்வளவு என்பதே அது.

பூ, விளக்கு, மேளம், அன்னதானம் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் இருப்பார். உயரத்துக்கு மட்டும் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. கேட்டால், “போன வருஷமும் இதே வழியிலதானே போனோம்” என்ற பதில் வரும். அந்தப் பதில் ஏன் போதாது என்பதைத் தஞ்சாவூர் அருகே நடந்த விபத்து காட்டுகிறது.

களிமேடு கற்பித்தது

2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலை, தஞ்சாவூரை அடுத்த களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாவின் தேர் வீதியுலா நடந்துகொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் தேரின் உச்சி, மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தனர். பலர் காயமடைந்தனர். தேர் தீப்பிடித்து எரிந்தது.

களிமேடு மக்களுக்கு அந்தத் தேரும் புதிதல்ல, வீதியும் புதிதல்ல. ஆண்டுதோறும் நடந்துவந்த விழா அது. ஆனால் அந்தச் சாலை அண்மையில்தான் மேடாக்கப்பட்டிருந்தது என்று அப்போதைய செய்திகள் கூறின. தேரின் உச்சியில் விளக்கு அலங்காரமும் இருந்தது. தேர் வளராவிட்டாலும் சாலை உயர்ந்தால் கம்பிக்கும் தேருக்கும் உள்ள இடைவெளி குறையத்தான் செய்யும். சாலையில் தண்ணீர் நின்றதால் பலர் தேரை விட்டு விலகி நின்றனர் என்றும், அதனால் உயிர்ச்சேதம் இன்னும் பெருகாமல் தப்பியது என்றும் அச்செய்திகளே தெரிவித்தன.

இது ஓர் ஊரோடு முடிந்த கதையல்ல. 2023 ஜூன் 28-ஆம் தேதி திரிபுரா மாநிலம் குமார்காட்டில் இரும்பால் செய்த ரதம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு, அன்றே ஆறு பேர் உயிரிழந்தனர். 2025 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வல ரதத்தில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தனர். மூன்று இடத்திலும் பக்தர்களின் கை ரதத்தில் இருந்தது. மேலே கம்பி இருந்தது.

மொத்த உயரம் என்பது எது?

ரதம் செய்தவர் சொல்லும் உயரம் வேறு. சாலையில் ஓடும்போது இருக்கும் உயரம் வேறு. டிரெய்லர் தளம் தரையிலிருந்து 0.9 மீட்டர், பீடம் 0.5 மீட்டர், தூணும் விமானமும் சேர்ந்து 2.2 மீட்டர், கலசம் 0.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 3.9 மீட்டர். கலசத்துக்கு மேல் பூவளையமும் விளக்குச் சரமும் 0.4 மீட்டர் ஏறினால் 4.3 மீட்டர். ஊர்வலத்தன்று மாலை அலங்காரக்காரர் சேர்க்கும் இந்தக் கடைசி 0.4 மீட்டர்தான் பெரும்பாலும் யார் கணக்கிலும் வராதது.

ஆகவே எல்லா அலங்காரமும் முடிந்த பிறகே அளக்க வேண்டும். கொடி, குடை, வேல், மயில் தோகை, விளக்குக் கம்பி, ஒலிபெருக்கி என எது அதிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் உச்சி. ரதத்தின் மேல் ஆள் நிற்பதாக இருந்தால் அவர் தலையும் உயர்த்திய கையும் அந்தக் கணக்கில் சேரும். டயரில் முழுக் காற்று இருக்கும்போதும், பாரம் ஏறாத நிலையிலும் வண்டி சற்று உயர்ந்து நிற்கும். அந்த உயர்ந்த அளவையே எடுத்துக்கொள்வது நல்லது.

டிரெய்லரை இழுக்கும் வண்டியில் மாட்டிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். கொக்கியின் உயரம் வண்டிக்கு வண்டி மாறும். முன்பக்கம் தூக்கி நின்றால் ரதத்தின் உச்சி பின்னால் சாயும். பின்பக்கம் தூக்கினால் முன்னால் சாயும். ஒத்திகைக்கு ஒரு டிராக்டர், ஊர்வலத்துக்கு வேறு டிராக்டர் என்றால் பழைய அளவு செல்லாது.

அளக்கும் முறை

முதலில் சமதரையான இடம் வேண்டும். மேலே எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது. அலுமினிய ஏணியையும் இரும்புக் குழாயையும் கம்பிக்குக் கீழே தூக்கிப் பிடித்து, அளக்கப் போன இடத்திலேயே விபத்தை வரவழைக்க வேண்டாம்.

இருவர் இருந்தால் போதும். நேரான நீண்ட பலகை ஒன்றை உச்சியின் மேல் படும்படி கிடையாகப் பிடித்து, அதன் ஒரு முனை ரதத்துக்கு வெளியே நீளும்படி வைக்க வேண்டும். பலகையின் மேல் கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் கருவியை வைத்து, சாய்வில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே நீண்ட முனையிலிருந்து அளவு நாடாவைத் தரை வரை நேராகத் தொங்கவிட்டால் மொத்த உயரம் கிடைக்கும். பலகை எட்டாவிட்டால், தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு உச்சியின் மட்டத்தைப் பக்கத்துச் சுவரில் குறித்து, அங்கிருந்து தரை வரை அளக்கலாம். ஒருவர் அளந்ததை இன்னொருவர் மீண்டும் அளந்து இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது அவசியம்.

கிடைத்த எண்ணை மீட்டரில் பெரிதாக எழுதி, இழுக்கும் வண்டியின் ஓட்டுநர் முன் ஒட்ட வேண்டும். பிரிட்டனில் 3 மீட்டருக்கு மேல் உயரமான சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரத்தை எழுதி வைப்பது சட்டம். காரணம் எளிது: பாலத்தில் எழுதியிருக்கும் உயரத்தை எல்லோரும் படிக்கிறார்கள், தன் வண்டியின் உயரம் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயர ரயில் பாலம் ஒன்றில், எச்சரிக்கைப் பலகையும் மின்விளக்கும் இருந்தும் லோரிகள் மோதிக்கொண்டே இருந்தன. 2019-இல் பாலத்தை 12 அடி 4 அங்குலமாக உயர்த்திய பிறகும் மோதல் முழுதாக நிற்கவில்லை.

வழியை அளப்பது

ஊர்வலப் பாதையை ஒரு வாரத்துக்கு முன் பகல் வெளிச்சத்தில் நடந்தே பார்க்க வேண்டும். காரில் போனால் மேலே இருப்பது கண்ணில் படாது. தோட்டத்து நுழைவாயில் வளைவு, சாலைக்குக் குறுக்கே கட்டிய பதாகைக் கயிறு, தொலைபேசிக் கம்பி, தாழ்ந்த மரக்கிளை, செம்பனை மட்டை, மின்கம்பி, பாலம், உயரத் தடுப்புக் கம்பம் எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் கூட்டரசு சாலை 5-இல் பெரிய லோரிகள் தினமும் ஓடுகின்றன. அதனால் அந்தச் சாலையில் ரதம் போகலாம் என்பதற்கு ஓரளவு உறுதி உண்டு. சிக்கல் பெரும்பாலும் அந்தச் சாலையை விட்டுத் திரும்பிய பிறகுதான் தொடங்கும். தோட்டத்துச் செம்மண் பாதை, குடியிருப்புச் சந்து, ஆலயத்துக்குத் திரும்பும் முனை ஆகிய இடங்களில் கம்பிகள் தாழ்ந்திருக்கலாம், கம்பம் சாய்ந்திருக்கலாம்.

பாதையின் சரிவையும் கவனிக்க வேண்டும். 4 மீட்டர் உயர ரதம் 5 பாகை சாய்ந்தால் அதன் உச்சி சுமார் 35 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும். சாலையோரக் கம்பம் அந்தப் பக்கம் இருந்தால் அந்த 35 சென்டிமீட்டரே போதும். வேகத்தடையில் சக்கரம் ஏறும்போது ரதமும் சேர்ந்து உயரும், ஆடும். கடந்த ஆண்டுக்குப் பின் தார் போட்ட இடங்களைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் புதிய தார் போட்டால் சாலை உயர்ந்திருக்கும். களிமேட்டின் கதை அங்கே நினைவுக்கு வர வேண்டும்.

வளைவு, பாலம் போன்ற அசையாத தடைகளுக்குக் கீழே குறைந்தது 30 சென்டிமீட்டராவது இடைவெளி விட்டுக்கொள்வது நல்லது. மின்கம்பிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மின்கம்பிக்கு வேறு கணக்கு

மலேசியாவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அதைக் கொண்டுவரும் விநியோகக் கம்பிகளில் 11,000, 33,000 வோல்ட் செல்கிறது. பெரிய இரும்புக் கோபுரங்களில் செல்வது 132,000 வோல்ட்டும் அதற்கு மேலும். உயர் அழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை. மிக அருகில் சென்றாலே மின்சாரம் காற்றில் தாவிப் பாயும். அதனால் “தொடாம போயிடலாம்” என்பது பாதுகாப்பு ஆகாது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, 50,000 வோல்ட் வரையுள்ள கம்பிகளிலிருந்து பாரந்தூக்கிகள் குறைந்தது 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர், விலகியிருக்க வேண்டும் என்கிறது. அதை ஓர் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். ரதம் 4.3 மீட்டர் என்றால் கம்பி 7.3 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 6 மீட்டர் உயரத்தில் செல்லும் உயர் அழுத்தக் கம்பியின் கீழே அந்த ரதம் மின்சாரம் ஓடும்போது போகக் கூடாது. ரதத்துக்கும் கம்பிக்கும் 1.7 மீட்டர் இடைவெளி கண்ணுக்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் அது போதாது.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் குச்சியால் அளக்கவே கூடாது. தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கம்பிக்கு நேர் கீழே, சாலையோரம் ஒருவரை நிற்கவைத்து, 30 அடி தள்ளி கைப்பேசியை நேராகப் பிடித்து, ஆளும் கம்பியும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். படத்தில் ஆள் 2 சென்டிமீட்டர், கம்பி தரையிலிருந்து 7 சென்டிமீட்டர் என்றால், கம்பி ஆளைப்போல் மூன்றரை மடங்கு உயரம். ஆள் 1.7 மீட்டர் என்றால் கம்பி ஏறக்குறைய 5.95 மீட்டர். எந்த இடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மட்டுமே இது உதவும். முடிவு சொல்ல வேண்டியவர்கள் தெனாகா நேஷனல் ஊழியர்கள். மின்கம்பி வெயிலிலும், அதிக மின்சாரம் ஓடும் நேரத்திலும் சூடேறித் தொய்யும் என்பதால் காலையில் பார்த்த உயரம் நண்பகலில் இருக்காது.

சில ஊர்வலங்களில் ரதத்தின் மேல் ஒருவர் ஏறி நின்று, குச்சியால் கம்பியைத் தூக்கிவிட்டு ரதத்தை நகர்த்துவதைப் பார்க்கலாம். காய்ந்த மூங்கில், ரப்பர் செருப்பு, கையுறை எதுவும் உயர் அழுத்தத்தைத் தாங்காது. கறுப்பு உறை போட்ட கம்பி என்றாலும் உறை வெடித்திருக்கலாம். தொலைபேசிக் கம்பி என்று நினைத்தது மின்கம்பியாகவும் இருக்கலாம். இந்தப் பழக்கத்தை நிர்வாகம் முற்றாகத் தடுக்க வேண்டும்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

ஊர்வலத்துக்கு போலீஸ், ஊராட்சி மன்றம் ஆகியவற்றை அணுகும்போதே தெனாகா நேஷனலின் வட்டார அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். கடிதத்தில் நாள், நேரம், பாதையின் வரைபடம், ரதத்தின் மொத்த உயரம், சந்தேகத்துக்குரிய கம்பங்களின் எண்கள் இருந்தால் பதில் விரைவாகக் கிடைக்க வாய்ப்புண்டு. மின்சாரத்தை நிறுத்துவது, கம்பியை உயர்த்துவது, பாதையை மாற்றச் சொல்வது ஆகியவை அவர்கள் தீர்மானிக்க வேண்டியவை. மின்சாரம் நிறுத்தப்படும் நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். ஊர்வலம் தாமதமானால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே தொலைபேசியில் உறுதிசெய்ய வேண்டும். ஒன்பது மணிக்கு நிறுத்திய மின்சாரம் பதினோரு மணிக்குத் திரும்பியிருக்கலாம்.

தோட்ட நிலத்துக்குள் செல்லும் பாதை என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்ல வேண்டும். அங்குள்ள சில கம்பிகள் தோட்டத்தின் சொந்த இணைப்பாக இருக்கலாம்.

ஊர்வலத்தன்று

உயரத்துக்கென ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் ரதத்துக்கு முன்னால் நடந்து மேலே மட்டும் பார்க்க வேண்டும். வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. அவர் கையை உயர்த்தினால் ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். தலைவர் சொன்னாலும், உபயகாரர் அவசரப்படுத்தினாலும் அவர் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. குறித்துவைத்த இடங்களில் ரதத்தின் மேல் இருப்பவர்கள் இறங்கி, வடம் பிடிப்பவர்களும் குழந்தைகளும் தள்ளி நின்ற பிறகே வண்டி கடக்க வேண்டும். இரும்புச் சங்கிலியும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

புறப்படும் பாதையைப் பார்த்தது போலவே திரும்பும் பாதையையும் பார்க்க வேண்டும். நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், சுருக்கு வழியாகப் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். அளக்காத பாதையில் ரதம் போகக் கூடாது.

பட்டுவிட்டால்

ரதமோ வண்டியோ கம்பியில் பட்டுவிட்டால், வெளியே நிற்பவர்கள் அதையும் அதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்களையும் தொடக் கூடாது. காப்பாற்ற ஓடியவர்களும் இறப்பது இதனால்தான். சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவும் என்பதால் கூட்டத்தைக் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். அருகில் இருப்பவர்கள் பெரிய அடி வைத்து ஓடாமல், இரு பாதங்களையும் ஒட்டியபடி தரையிலேயே தேய்த்து நகர வேண்டும்.

வண்டிக்குள் இருக்கும் ஓட்டுநர் இறங்காமல் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரு கால்களையும் சேர்த்துக் குதித்து வெளியேற வேண்டும். 999-ஐயும் தெனாகாவின் 15454 எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று தெனாகா உறுதிசெய்யும் வரை யாரும் நெருங்கக் கூடாது. கம்பி அணைந்தது போல் தெரிந்தாலும் மின்சாரம் மீண்டும் வரலாம்.

அளந்த உயரம், பாதை, குறித்த இடங்கள், தெனாகாவின் பதில் ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்தால் அடுத்த நிர்வாகத்துக்கும் அது பயன்படும். ஆனால் அந்தக் கோப்பு அடுத்த ஆண்டு அளப்பதற்கு உதவும் குறிப்பு மட்டுமே. அளக்கும் வேலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே செய்யப்பட வேண்டும்.