ஐம்பத்தைந்தில் அந்நியர்: ஊவாத் தோட்டங்களில் முதுமையும் பிரசாவுரிமையும்

மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினை பற்றி எழுதியோர் பெரும்பாலும் வாக்குரிமையினை மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றமையும், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் ஆசனத்தையேனும் பெறவியலாது போனமையும் அவ்வெழுத்துக்களில் மீண்டும் மீண்டும் கூறப்படுகின்றன. அது பிழையன்று. ஆயினும், வாக்கினை இழந்தவன் அவ்விழப்பினைத் தேர்தற் காலத்திலேயே கூர்மையாக உணர்ந்தான். வேலையினின்றும் நீங்கிய முதியவனோ அதனை நாள்தோறும் உணர்ந்தான். லயத்துக் காம்பராவில் ஒதுங்கிக் கிடந்த அம்முதியவனையும் முதியவளையும் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களை மனத்திற்கொண்டு அக்குறையைச் சிறிதளவேனும் நிரப்ப முயல்கின்றது இக்கட்டுரை.

ஓய்வுபெற்ற பின் அந்நிய நாடொன்றிற் சென்று வாழ்வோர் இன்று உலகெங்கும் உளர். பிரித்தானிய முதியோர் ஸ்பெயின் நாட்டின் கடற்கரை ஊர்களை நாடிச் செல்கின்றனர். அவர்கள் கூறும் குறைகளும் நாம் அறிந்தவையே: விசாவினைப் புதுப்பிக்கும் அலைச்சல், புரியாத மொழியிலே வரும் அரசாங்கக் கடிதம், பணத்தை ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டிற்கு மாற்றுவதிலுள்ள தடை, நோயுற்றபோது ஏற்படும் திகைப்பு, பிள்ளைகள் தொலைவிலிருக்கும் தனிமை. ஊவாத் தோட்டத்து முதியவர் இவற்றுள் ஒன்றினின்றும் தப்பவில்லை. ஆனால் அவர் எங்கும் புறப்பட்டுச் செல்லவில்லை. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அவரைச் சுற்றியிருந்த சட்டமே இடம்பெயர்ந்தது.

கோப்பிக் காலத்திலே முதுமை தோட்டத்தின் பிரச்சினையாக இருந்ததில்லை. பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பும் தொழிலாளி, மன்னார் – மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தவன், உயிரோடிருந்தால் அவ்வழியே ஊர் திரும்பினான். வழியில் இறந்தோர் தொகை பெரிது; அது வேறு கதை. இலைநோயினாற் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரே நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்களின் கை சிறப்பாக வேண்டும். எனவே குடும்பங்கள் தங்கின. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியபோது, பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுணுகுலைப் பக்கத்து லயங்களில் அங்கேயே பிறந்து வளர்ந்து கொழுந்தெடுத்த பெண்கள் பலர் இருந்தனர். ஆயினும் முதுமையில் ஊருக்குத் திரும்புதல் என்னும் வழக்கம் முற்றாக அற்றுவிடவில்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலே காணியோ வீடோ உறவோ எஞ்சியிருந்தவர்கள், கை தளர்ந்ததும் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தனர். ஓய்வூதியம் என ஒன்று இல்லாத காலத்தில் அந்த ஊரே அவர்களின் ஓய்வூதியமாக இருந்தது எனலாம்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு மனங்கொளத்தக்கது. அதே தோட்டத்தில் அந்நியர் இன்னொருவரும் இருந்தார். அவர் பங்களாவில் வாழ்ந்த தோட்டத்துரை. அவரும் இளமையிற் கடல் கடந்து வந்தவர். அவரும் தம் பிறந்த நாட்டையே வீடு என்று சொல்லிக்கொண்டவர். அவரும் வயது வந்ததும் சேமநிதியைப் பெற்றுக்கொண்டு கப்பலேறியவர். அவருடைய திரும்புதல் விருந்தோடும் மாலையோடும் நிகழ்ந்தது. எக்காலத்திலும் அவரை எவரும் கள்ளத்தோணி என அழைத்ததில்லை.

தொழிலாளியின் போக்குவரத்து 1939இற் குறுகியது. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதனை அவ்வாண்டிலே இந்திய அரசாங்கம் தடைசெய்தது. பின்னர் போர் வந்தது. போருக்குப் பின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டமும் வந்தன. பின்னைய சட்டத்தின்படி விண்ணப்பிக்கும் ஒருவர், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயிற் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு வெளியிலிருந்தால் வதிவிடம் அறுந்ததாகவே கொள்ளப்படும். சாகக் கிடந்த தாயைப் பார்க்கச் சென்று ஈமக்கடனும் முடித்துக் காணித் தகராற்றையும் தீர்த்துவிட்டு ஒன்றரை ஆண்டின் பின் மீண்டவர் இச்சட்டத்திற் சிக்கினார். மகனுக்குரிய கடமையினைச் செய்தமையே அவரை அந்நியராக்கிற்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. இறுதியிற் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே.

எஞ்சியோரின் கணக்கினைத் தீர்ப்பதற்கே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றோர் 975,000 எனக் கொள்ளப்பட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுக்கப்பட்டனர்; மீதி 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவ்வெண்கள் யாவரும் அறிந்தவை. ஆனால் அவ்வொப்பந்தத்தின் ஒரு வாசகம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்படவிருப்போருள் அன்று தொழில் புரிந்தோர், அனுப்பப்படும் நாள்வரையோ ஐம்பத்தைந்து வயது நிறையும்வரையோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, தொழிலில் இருக்கலாம் என்பதே அது.

வெளித்தோற்றத்தில் இது பாதுகாப்பு வாசகம். வேலை பறிபோகாது என்ற உறுதியே அதன் நோக்கம் எனவும் வாதிடலாம். ஆனால் அதன் மறுபக்கம் யாதெனில், ஐம்பத்தைந்தாம் பிறந்தநாளில் ஒருவர் வேலையினையும் அந்நாட்டில் இருப்பதற்கான நியாயத்தினையும் ஒருங்கே இழந்தார் என்பதே. பிற நாடுகளில் ஓய்வு வேறு, அந்நியம் வேறு. ஈண்டு இரண்டும் ஒரே தேதியிற் சந்தித்தன. அத்தேதியும் உறுதியானதன்று. பிறப்புப் பதிவு இல்லாத ஊரிற் பிறந்தவருக்குத் தோட்டத்துப் பேரேட்டிற் பதியப்பட்ட வயதே வயது. அதனைப் பதிந்தபோது சொன்னவர் பெரும்பாலும் கங்காணி.

முதியவரின் இன்னல்களுள் முதன்மையானது காகிதம். மலையகத்திற் பழைய தகரப்பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தவர் இதனை அறிவர். துணிகளுக்கு அடியில் நெகிழிப் பையிற் சுற்றிய கட்டு ஒன்று இருக்கும். விண்ணப்பப் பிரதி, தோட்டக் கந்தோரின் கடிதம், சேமலாப நிதித் துண்டு, சிலவேளை நீலநிற இந்தியக் கடவுச்சீட்டு. 1956ஆம் ஆண்டின் பின்னர் கச்சேரிக் கடிதம் சிங்களத்தில் வந்தது. கடவுச்சீட்டு ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. முதியவருக்கோ, எழுத்தறிவு இருந்தால், தமிழ் மட்டுமே தெரியும். தம் வாழ்வினைத் தீர்மானித்த பத்திரங்களுள் ஒன்றையேனும் தாமே வாசிக்க முடியாத நிலை அது. கடவுச்சீட்டு வேண்டுமெனின் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் காரியாலயத்துக்குச் செல்ல வேண்டும். மடுல்சீமையிலிருந்து பசறைக்கு, பசறையிலிருந்து பதுளைக்கு, பதுளையிலிருந்து கோச்சியிற் கண்டிக்கு. ஒரு நாளில் முடியும் காரியமன்று. போன காரியம் முடியாமல் திரும்பினால் மீண்டும் ஒரு பயணம், மீண்டும் ஒரு கடன். பெயர் வேறுபாடு இன்னொரு தொல்லை. ஒரே மனிதன் பேரேட்டிற் கறுப்பனாகவும் விண்ணப்பத்திற் கருப்பையாவாகவும் கடவுச்சீட்டில் வேறோர் எழுத்துக்கூட்டலிலும் இருந்தான். மூவரும் ஒருவரே என நிறுவுவதிற் சிலர் முதுமை முழுவதும் கழிந்தது.

அடுத்தது பணம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு முதன்முறையாக முதுமைக்கென ஒரு தொகையை உண்டாக்கியது. ஆணுக்கு ஐம்பத்தைந்தும் பெண்ணுக்கு ஐம்பதும் அதனைப் பெறும் வயது; நாட்டை நிரந்தரமாக விட்டுச் செல்வோரும் அதனைப் பெறலாம். நாட்சம்பளத்தின் பங்காக ஒரே தடவையிற் கிடைக்கும் அத்தொகை, ஒரு மகளின் கல்யாணத்தோடு கரைந்துவிடக்கூடியது. இந்தியா செல்வோர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தம் உடைமைகளைக் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சவரம்பு 4,000 ரூபாவிற் குறையாதிருக்கும் என்றும் 1964 ஒப்பந்தம் கூறிற்று. புறப்படும்வரை இங்கு தங்கியிருப்போருக்குப் பிற நாட்டுப் பிரசைகளுக்குரிய வசதிகள் உண்டு என்று கூறிய அதே ஒப்பந்தம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வசதியினை மட்டும் விலக்கியது. முன்னதாகச் சென்றுவிட்ட மகனுக்கு இங்கிருந்த தந்தை பத்து ரூபாவும் முறைப்படி அனுப்ப வழியில்லை. அந்நியன் என்ற பெயர் இருந்தது. அந்நியனுக்குரிய வசதி இல்லை.

வீட்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா வேலைக்காகத் தரப்பட்டது. பேர் வெட்டப்பட்டவருக்கு அதில் உரித்தில்லை. மகனுக்கோ மருமகளுக்கோ பேர் இருந்தால் முதியவர் அடுப்பங்கரையில் ஒதுங்கலாம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தபோதும் இவ்வுறவு மாறவில்லை.

யாவற்றிலும் கொடியது குடும்பம் பிரிந்தமையே. வயதுவந்த பிள்ளைகள் தனித்தனியே விண்ணப்பித்தனர். தனித்தனியே முடிவும் பெற்றனர். மூத்தவன் இந்தியப் பிரசை, இளையவள் இலங்கைப் பிரசை, நடுவில் ஒருவன் நாடற்றவன் என ஒரே அடுப்பிற் சமைத்துண்ட குடும்பங்கள் இருந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்கள் பட்ட பட்டினி பலரைக் கப்பலை நோக்கித் தள்ளியது. பதுளையிற் புறப்பட்டு, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் செல்லும் பயணத்துக்கு நிலையந்தோறும் எழுந்த அழுகையினால் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கியது. இராமானுஜம் என்னும் கப்பல் அவர்களை இராமேஸ்வரத்திற் சேர்த்தது. முன்னைய தலைமுறையில் முதியவர் கடல் கடந்தார், இளையவர் இங்கு தங்கினர். இப்போது பல வீடுகளிலே இளையவர் கடல் கடக்க, விசாக் காலம் முடிந்த முதியவர் தங்கினர். தேவாரம் ஓதி அடக்கஞ்செய்ய மகன் வருவானா என்பதே அவர்களின் வினாவாயிற்று.

கப்பலேறிய முதியோர் நிலையும் மேலானதன்று. தமிழ்நாட்டிற் புனர்வாழ்வு என்பது தொழிலையொட்டியே அமைந்தது: நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை, அல்லது சிறு வியாபாரத்துக்குக் கடன். ஐம்பத்தைந்து கடந்தவரை எந்தத் தோட்டம் எடுக்கும்? ஊவாவில் இந்தியாக்காரர் எனப்பட்டவர் அங்கே சிலோன்காரர் ஆனார்.

1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயல் பதுளை நகரையும் எரித்தது. அடுத்த ஆண்டிற் கப்பற் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையிற்கொண்டு புறப்படக் காத்திருந்த ஏறத்தாழ 84,000 பேர் இக்கரையிற் தேங்கினர். அவர்களுட் பலர் மனத்துள் மகிழ்ந்திருக்கவும் கூடும். போக விரும்பாது பெயர் கொடுத்தோர் தொகை சிறிதன்று. ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் விசாக் காலாவதியான வெளிநாட்டவர். தேசிய அடையாள அட்டை பிரசைகளுக்கே உரியது. அஃதின்றி வங்கிக் கணக்குத் திறத்தலும் சோதனைச் சாவடியைக் கடத்தலும் அரிது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியபோதும், இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களை அது விலக்கியே வைத்தது. நாடற்றவன் நாடு பெற்றான். நாடு பெற்றவன் நாடற்றவன் ஆனான் என்று சொன்னால் மிகையாகாது.

இம்முடிச்சினை அவிழ்த்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசிப்போரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள் என அது கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நடமாடும் சேவைகள் மலையகமெங்கும் நடைபெற்றன. ஏறத்தாழ 190,000 பேர் சில நாட்களுக்குள் பத்திரம் பெற்றனர். கடவுச்சீட்டு உடையோர் மட்டும் மேலும் ஒரு பிரகடனத்திற் கையொப்பமிட வேண்டியிருந்தது. 1964இல் ஐம்பத்தைந்து வயதாயிருந்தவர் அன்றிருந்தால் அவருக்குத் தொண்ணூற்று நான்கு வயது. அவரிலும் இளையராய், ஒப்பந்தக் காலத்தில் நடுவயதினராயிருந்து, எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் அன்று வரிசையில் நின்றனர். தாம் ஒருபோதும் காலடி வைத்திராத இந்திய நாட்டின் பிரசாவுரிமையினைத் தாமாக விரும்பித் துறப்பதாக அப்பிரகடனம் கூறியது. பெயர் எழுதத் தெரியாதோர் பெருவிரலை மையிற் தோய்த்து ஒற்றினர்.