தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுதல்

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கிய கட்டற்ற கலைக்களஞ்சியம். எவரும் எழுதலாம், பிறர் எழுதியதைத் திருத்தலாம். 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. ஆனால் மாணவருக்கு உதவுவது எண்ணிக்கையன்று, தரமே.

தரத்தின் அடிப்படை மெய்யறிதன்மை, அதாவது தகவலைச் சான்றுகொண்டு சரிபார்க்க முடிவது. ஓர் ஏரியைப் பற்றி எழுதுபவர் ‘மிகப் பெரிய ஏரி’ என்று விட்டுவிடக் கூடாது. பரப்பளவையும், அதைக் கூறும் நூலையும் பக்க எண்ணையும் தர வேண்டும். சான்றில்லாத வரியை எவரும் நீக்கலாம். சொந்த ஆய்வுக்கும் புகழுரைக்கும் இங்கு இடமில்லை. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவது பெருங்கேடு: வாக்கியம் தமிழாக இராது, தகவல் பிழையும் எளிதில் கண்ணில் படாது.

கலைச்சொற்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும் கவனிக்க வேண்டும்: தமிழகப் பாடநூல்களின் வேதியியல், இலங்கையில் இரசாயனவியல். ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதற்கு வழிமாற்று அமைத்தால் இரு நாட்டு மாணவரும் ஒரே கட்டுரையை அடைவர். புதியவர் மணல்தொட்டி எனும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம். கருத்து வேறுபாடுகள் உரையாடல் பக்கத்தில் பேசித் தீர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாவதால், கெடுக்கப்பட்ட கட்டுரையை முந்தைய நிலைக்கு மீட்கலாம்.