ஏரிக்கென்று ஒரு பங்கு



இன்று பட்டணத்துக்குள் இருக்கும் திருவான்மியூர், முன்பு செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். அது ஏரிப் பாசன ஜில்லா. அந்த ஏரிகளைப் பராமரிக்கச் செலவுக்கு எங்கே போனார்கள்?

1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற வெள்ளைக்காரர் அங்கே கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார். களத்தில் நெல்லைப் பங்கு பிரிக்கும்போதே ஏரிக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியது அதில் பதிவாகியிருக்கிறது.

பிறகு கும்பெனியாரின் வரி ஏறியது. களத்தில் மிச்சம் குறைந்தது; ஏரிகளும் தூர்ந்தன. மராமத்து வேலைக்கு வராதவருக்கு அபராதம் என்று 1858-இல் சட்டம் போட்டார்கள். வயிறு காய்ந்தவனை அதட்டினால் மண்வெட்டி எடுப்பானா? சட்டம் பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

1883-இல் நில அபிவிருத்திக் கடன் சட்டம் வந்தது. நம் பெரியவர்கள் ‘தக்காவி’ என்பார்களே, அதுதான். கிணறு வெட்டப் பணம் கிடைத்தது, தவணையில் கட்டவேண்டும். ஆனால் தனியாள் பட்ட கடனில் ஊர் ஏரியைத் தூர் வார முடியுமா?

2017-இல் தமிழக அரசு மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. செலவில் பத்தில் ஒரு பங்கு பாசனதாரர் பொறுப்பு; பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரலாம் என்றார்கள். பழைய களத்துப் பங்குதான் இது!

நான் பார்த்த ஒரு ஊரில், தூர் வாரினதும் “இனிமே சர்க்கார் பாத்துக்கும்”னு விட்டுட்டாங்க. அடுத்த மழைக்கே மடை அடைச்சுக்கிச்சு.

சர்க்கார் உதவியைக் கேட்டு வாங்குங்கள். அது நம் உரிமை. அதோடு, அறுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல்லின் விலையை ஏரிக்கென்று எடுத்து வையுங்கள். வரவு செலவை ஊர் நடுவே படியுங்கள்.