ஒற்றை வட்டம்

அபிராமத்தில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் அப்பத்தாவின் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடந்தது. மேலே சிவப்பு மையில் 'பென்சிலின் ஆகாது'. என்ன ஆச்சு என்று கேட்டால், "ஊசியக் குத்தி, சுத்தி பேனாவால வட்டம் போட்டாக. தடிச்சுப்போச்சு, அம்புட்டுதேன்" என்பார்.

அந்த வட்டத்துக்குப் பின்னால் நியாயமான பயம் இருந்தது. பென்சிலின் ஊசியால் ஒவ்வாமை அதிர்ச்சி வந்து ஒருவர் இறந்ததை 1949இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்துவிட்டது. 1955இல் பிம்ப்ரி ஆலையில் பென்சிலின் உற்பத்தி தொடங்கியது. மருந்து சிற்றூர்களுக்கும் வந்தது, கூடவே 'டெஸ்ட் டோஸ்' வந்தது.

பயம் எவ்வளவு பெரியது? மூட்டுக்காய்ச்சல் நோயாளிகள் 1,790 பேருக்குப் போட்ட 32,430 பென்சிலின் ஊசிகளை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 1991இல் வெளியானது. கடும் அதிர்ச்சி 4 பேருக்கு, மரணம் ஒன்று. அபூர்வம்தான், ஆனால் பூஜ்யமில்லை.

சிக்கல் சோதனையில்தான். பென்சிலின் உடம்புக்குள் சிதைந்து, நம் புரதங்களோடு ஒட்டிக்கொண்ட பிறகே பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டுகிறது. 1960களில் அமெரிக்காவில் பெர்னார்ட் லெவினும் சுவிட்சர்லாந்தில் அலேன் டி வெக்கும் இதைத் துருவினார்கள். அதிலிருந்து பென்சிலாயில் பாலிலைசின் என்ற சோதனை மருந்து பிறந்தது. முறையான சோதனையில் பக்கத்திலேயே வெறும் உப்புநீரையும் ஹிஸ்டமினையும் குத்துவார்கள். உப்புநீர் குத்திய இடமும் தடித்தால் குற்றவாளி ஊசிதான், மருந்து இல்லை. அப்பத்தா கையில் இருந்தது ஒரே வட்டம். எதோடு ஒப்பிட்டார்கள்?

எங்கள் தொழிலில், யார் எழுதினார் என்றே தெரியாத பழைய கோடு வரி ஒன்று இருக்கும். எதற்கென்று யாருக்கும் தெரியாது, நீக்கவும் தைரியம் வராது. சிவப்பு மையும் அப்படித்தான். சர்க்கரைப் புண் வந்தபோதெல்லாம் சீட்டைப் பார்த்து வேறு மருந்து, கூடுதல் செலவு.

அமெரிக்காவில் 100 பேரில் சுமார் 10 பேர் தங்களுக்கு பென்சிலின் ஆகாது என்கிறார்கள். சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தாங்கிக்கொள்கிறார்கள். உண்மையான ஒவ்வாமையும் பத்தாண்டில் பெரும்பாலானோருக்கு மங்கிவிடுகிறது. (தோல் உரிந்து, வாய் புண்ணாகிப்போனவர்களுக்கு இந்தச் சோதனையே கூடாது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.)

அப்பத்தாவின் 71ஆம் வயதில் மதுரைக்குக் கூட்டிப்போனோம். தோல் சோதனையில் ஒன்றுமில்லை. பிறகு அமாக்சிசிலின், முதலில் கொஞ்சம், அப்புறம் முழு அளவு. அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார். சாயங்காலம் வரை ஒன்றும் ஆகவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பத்தா முழங்கையைத் தடவியபடி கேட்டார்: "அப்ப இம்புட்டு வருசமும்?"